நான் மாற்றிப் போட்ட தூண்டில்

சூசையின் உள்ளங்கைக்குள் தூண்டில் ஏறியபோது அவர் கத்தவில்லை. "அண்ணை, தங்கூசியை இழுக்காதேங்கோ, அப்பிடியே நில்லுங்கோ" என்றார். அவ்வளவுதான்.

தங்கூசி என்கிற நைலோன் நூலின் ஒரு முனையில் தடியைப் பிடித்தபடி நான். மறுமுனையில் ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் பொய்மீன். அதன் வயிற்றில் ஒரு தூண்டில், வாலில் ஒரு தூண்டில். வயிற்றுத் தூண்டில் ஒரு கிங்ஃபிஷின் வாயில் இருந்தது. வால் தூண்டில் சூசையின் வலது கையில், பெருவிரலுக்குக் கீழே உள்ள தடித்த சதையில் இருந்தது. மீனுக்கு உயிர் இருந்தது. அது துள்ளத் துள்ளத் தூண்டில் கைக்குள் இறங்கியது.

சிட்னித் துறைமுகத்தின் வாய்ப்பக்கம், ஒரு மிதவைக்கு அருகே. கோடைகாலக் காலை. வள்ளத்தின் வெள்ளைத் தரையில் இரத்தம் சொட்டியது. மீனின் இரத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

சூசை இடது கையால் மீனை உள்ளே இழுத்து, முழங்காலால் வள்ளத்தின் விளிம்போடு வைத்து அழுத்தினார். "பாலா அண்ணை, தலையில ஒரு அடி போடுங்கோ." பாலா போட்டான். இரண்டாவது அடியில் மீன் அடங்கியது.

அந்தத் தூண்டிலைப் போட்டவன் நான். சூசைக்குத் தெரியாமல் போட்டேன். பிறகு, போட்டது சூசைதான் என்று சொன்னேன்.

போன கிழமை இந்தப் பத்தியில், பஸ் டிப்போவில் என்ஜினைப் பிரித்துவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் நின்ற கதையை எழுதினேன். வாசித்தவர்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்தக் கிழமை சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டலாம்.

ஸ்போர்ட் என்றால் மரியாதை

நாங்கள் நாலு பேர். வள்ளம் பாலாவுடையது. நார்த்மீட்டில் அவன் வீட்டுக் கராஜுக்குப் பக்கத்தில் ட்ரெய்லரில் நிற்கும். ரவி வெஸ்ட்மீட்டில் இரத்தம் பரிசோதிக்கும் லாப்பில் வேலை செய்கிறான். நான் பஸ் மெக்கானிக். மூன்று பேரும் யாழ்ப்பாணம், ஒரே பள்ளிக்கூடம்.

நாலாவது ஆள் சூசை. மன்னார்க் கரையோரத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. பாலா அங்கே கொத்து ரொட்டி வாங்கப் போய், மீன் கதை கதைத்து, அவரை வள்ளத்துக்குக் கூட்டி வந்தான். சனிக்கிழமை ஒன்றுதான் சூசைக்கு லீவு. அதை முழுசாக எங்களுக்குத் தந்தார்.

இப்போது எழுதும்போது "அவர்" என்று எழுதுகிறேன். வள்ளத்தில் "நீ"தான். ஆள் இல்லாத இடத்தில் "அவன்". அவர் எங்கள் மூன்று பேரையும் "அண்ணை" என்பார், "நீங்கள்" என்பார். அது ஏன் அப்படி என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்காமல் இருப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். எங்களுக்கு அது பிறந்த நாளிலிருந்தே இருந்தது.

ஊரில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிறவர் படலைக்கு வெளியேதான் நிற்பார். மழை பெய்தாலும் வெளியேதான். அம்மா சட்டியை நீட்டுவார், அவர் கை படாமல் மீனைப் போடுவார். நான் தடியும் கையுமாக மீன் பிடிக்கப் போவதை அப்பா பார்த்திருந்தால் ஒரு கிழமை சாப்பிட்டிருக்க மாட்டார்.

ஆனால் சிட்னியில் மீன் பிடிப்பது ஸ்போர்ட். ஜப்பானில் செய்த தடி, விலை கூடிய பொய்மீன், கறுப்புக் கண்ணாடி, தொப்பி. மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நிற்கும் படம் எங்கள் வீட்டு ஹோலில் சாமிப் படங்களுக்கு எதிர்ச்சுவரில் தொங்குகிறது. ஒரே வேலைதான். ஒருவன் செய்தால் சாதி, இன்னொருவன் செய்தால் ஹொபி.

வள்ளத்தில் வேலை பிரித்துக் கொடுத்தவர் யாருமில்லை. அதுவாகப் பிரிந்தது. நாங்கள் மூன்று பேரும் எறிவோம், இழுப்போம், படம் எடுப்போம். மீன் வள்ளத்தோடு வந்ததும் தங்கூசியைக் கையால் பிடிப்பது சூசை. வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றுவது சூசை. அளவு குறைந்த மீனைத் தண்ணீரில் திருப்பி விடுவது, மற்றதை வெட்டிக் குடல் எடுப்பது, தரை கழுவுவது எல்லாம் சூசை. நடுவில் நேரம் கிடைத்தால் அவரும் நாலு தரம் எறிவார். அநேகமாகப் பெரிய மீன் அவருக்குத்தான் விழும். அதை ரவி "லக்" என்பான்.

சூசையின் முறை

எங்கள் பொய்மீன்களுக்கெல்லாம் தூண்டில் போட்டுத் தந்தவரும் சூசைதான்.

கடையில் வாங்கும்போது பொய்மீனில் மும்முனைத் தூண்டில் தொங்கும். நங்கூரம் போல மூன்று பக்கமும் முனை. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். சூசை முதல் வேலையாக அதைக் கழற்றி எறிவார். சாவிக்கொத்தில் இருப்பது போன்ற ஒரு சுற்று வளையத்தில்தான் தூண்டில் தொங்கும். அந்த வளையத்தைக் குறட்டால் விரித்து, ஒற்றைத் தூண்டிலைக் கோர்த்து விடுவார்.

"மூண்டு முனை இருந்தா மூண்டு மடங்கு பிடிக்காதோ?" என்று ரவி ஒருநாள் கேட்டான்.

"அது மீனுக்குப் போட்டதில்லை அண்ணை. கடைக்கு வாற ஆக்களுக்குப் போட்டது" என்றார் சூசை. பாலா விழுந்து விழுந்து சிரித்தான்.

அவரிடம் கணக்காக ஒரு முறை இருந்தது. தூண்டிலின் வாய் பொய்மீனின் வயிற்று அகலத்தைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்க வேண்டும். பெரிதானால் பாரம் கூடி, பொய்மீன் நீந்தாது, பிணம் மாதிரி மிதக்கும். சிறிதானால் மீனின் வாயில் ஏறாது. வயிற்றுத் தூண்டிலின் முனை தலைப்பக்கம் பார்க்க வேண்டும், வால் தூண்டிலின் முனை மேலே பார்க்க வேண்டும். இரண்டும் எட்டிப் பிடித்து ஒன்றோடொன்று கொழுவக் கூடாது.

கடைசி வேலை பின்முள். தூண்டிலின் முனைக்குச் சற்றுக் கீழே, பின்பக்கம் பார்த்தபடி ஒரு சின்ன முள் இருக்கும். குத்தினால் திரும்ப வராமல் பிடிப்பது அதுதான். சூசை அதைக் குறட்டால் நசுக்கி மட்டமாக்குவார். பிறகு ஒரு பழைய சாரத்துண்டில் தூண்டிலைக் குத்தி இழுத்துப் பார்ப்பார். ஒரு நூல்கூட இழுபடாமல் வந்தால்தான் எங்கள் கையில் தருவார்.

"பின்முள் இல்லாட்டி மீன் தப்பாதோ?" என்று நான் கேட்டேன்.

"தங்கூசியை இறுக்கி வைச்சிருந்தா தப்பாது. இது பாரை இனம் அண்ணை, வாய் பலம். தளர விட்டாத்தான் கழரும்."

"அப்ப முள்ளோடயே விடன். ஏன் வில்லங்கம்?"

"நான்தானே கழற்றிறனான்" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். அதில் எல்லாம் இருந்தது. ஒரு காலைக்குள் இருபது முப்பது தரம் அவருடைய கை அந்தத் தூண்டில்களுக்குப் பக்கத்தில் போய் வரும். எனக்கு அது ஏறவில்லை.

வாயில் வந்தது

கையில் தூண்டில் ஏறுவதற்கு முந்திய சனிக்கிழமை எனக்கு ஒரு மீன் விழுந்தது. நான் இதுவரை கொழுவியதில் அதுதான் பெரியது. ஐந்து நிமிடம் இழுத்தேன். தோள் எரிந்தது. மீன் வள்ளத்தை நோக்கித் திரும்பி ஓடி வந்தபோது நான் சுற்றுவதை விட்டுவிட்டு மூச்சு வாங்கினேன். தங்கூசி தொய்ந்தது. மீன் போய்விட்டது.

வெறும் பொய்மீன் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூசை மெதுவாகச் சொன்னார்: "மீன் எங்களுக்கு நேர வரேக்க கெதியாச் சுத்த வேணும் அண்ணை. தொய்ய விட்டாக் கழண்டிடும்."

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"கரைவலை இழுத்த சாதி எனக்குப் படிப்பிக்க வேண்டாம்" என்றேன்.

ரவி சிரித்தான். பாலாவும் சிரித்தான், ஆனால் என்ஜின் பக்கம் திரும்பி. சூசை சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வாளியில் கடல் தண்ணீர் அள்ளி, கழுவியிருந்த தரையைத் திரும்பவும் கழுவினார்.

அடுத்த சனிக்கிழமை வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். ஒன்றும் நடக்காதது மாதிரி எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றித் தந்தார். நானும் ஒன்றும் நடக்காதது மாதிரி வாங்கிக் குடித்தேன். இனிப்பு எனக்கு வேண்டிய அளவில் இருந்தது.

குளிக்கும் தொட்டியில் ஒரு சோதனை

அந்தக் கிழமைக்குள் நான் கடைக்குப் போய் மும்முனைத் தூண்டில் வாங்கி வந்திருந்தேன். சூசை சொன்ன அளவைவிட இரண்டு அளவு பெரியது, தடித்த கம்பி. தப்பிய மீனுக்குக் காரணம் ஒற்றைத் தூண்டில்தான் என்று காட்ட வேண்டும். யாருக்கு? எனக்குத்தான்.

குசினி மேசையில் வைத்து, சூசை போட்டிருந்த ஒற்றைத் தூண்டில்களைக் கழற்றினேன். வளையத்தை விரிக்கும்போது நகம் உடைந்தது. பின்முள்ளை நசுக்கவில்லை. குளிக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பொய்மீனை மிதக்க விட்டேன். வால் அப்படியே கீழே தாழ்ந்து, மூக்கு மேலே நின்றது.

என் மனைவி வசந்தி எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, சின்னப் பிள்ளை மாதிரி பாத்ரூமுக்க விளையாட்டு?"

"செக் பண்ணுறன்."

"உது தாழுதே?"

"தாழேல்லை. அது அப்பிடித்தான்."

"சூசையிட்டக் குடுத்திருந்தா வடிவாச் செய்து தந்திருப்பார்" என்றுவிட்டுப் போய்விட்டாள்.

அது எனக்கும் தெரியும். கொடுக்காமல் விட்டதும் அதற்காகத்தான். கொடுத்தால் அவர் என்ன பிழை என்று சொல்லுவார். முந்திய கிழமை நான் சொன்னதற்குப் பிறகு, அவர் வாயால் பிழை கேட்க எனக்கு முகம் இல்லை. முகம் இல்லாதவன் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் தூண்டிலை மாற்றினேன்.

சனிக்கிழமை வள்ளத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பொய்மீனைத் தங்கூசியில் கட்டினேன். நாலாவது எறியிலேயே ஒரு மீன் விழுந்தது, நடுத்தரம். வள்ளத்தோடு வந்தபோது தண்ணீர் நுரைத்தது. சூசை வழக்கம்போலக் குனிந்து கையை விட்டார். தான் போட்ட தூண்டில் என்று நம்பித்தான் விட்டார். மீன் ஒரு திருப்புத் திரும்பியது.

மிச்சத்தை மேலே எழுதிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக் கதிரை

ரவி குறட்டால் வளையத்தை விரிக்கப் பார்த்தான். குறடு இரண்டு தரம் வழுக்கியது. "விடுங்கோ அண்ணை" என்று குறட்டை வாங்கி, சூசையே இடது கையால் வளையத்தை விரித்துப் பொய்மீனைக் கழற்றினார். தூண்டில் மட்டும் கையில் நின்றது. இரண்டு முனை உள்ளே, ஒன்று வெளியே.

காரில் சூசை முன்சீட்டில். கையை மடியில் ஒரு துவாயில் வைத்திருந்தார். நான் பின்சீட்டில். "சூசை, நோகுதோ?" என்று கேட்டேன். வேறு கேட்க ஒன்றும் வரவில்லை. "பரவாயில்லை அண்ணை" என்றார்.

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் பதிகிற இடத்தில் நர்ஸ் பிறந்த திகதி கேட்டாள். சூசை சொன்னார். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் மூன்று பேரும் பிளாஸ்டிக் கதிரைகளில் மீன் மணத்தோடு இருந்தோம். பக்கத்தில் இருந்த ஒரு பெண் எழுந்து தூரப் போய் இருந்தாள்.

பாலா கேட்டான்: "மச்சான், உன்ர பொய்மீனில என்னெண்டு மூண்டு முனை வந்தது? எங்கட எல்லாம் சிங்கிள்தானே?"

உண்மை சொல்ல எனக்கு முழுசாக ஒரு நொடி இருந்தது.

"சூசைதானே போட்டுத் தந்தவன்" என்றேன்.

பாலா என்னைப் பார்த்தான். ரவி தரையைப் பார்த்தான். "ஓ" என்றான் பாலா.

முள் திரும்பி வராததால் வெட்டித்தான் எடுத்தார்கள். தையல் போட்டார்கள். பிறகு கை பழுத்து, திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனார். மூன்று கிழமை குசினியில் வேலை இல்லை. திரும்ப வேலைக்குப் போனபோது சட்டி தூக்க முடியவில்லை என்று காய்கறி வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள்.

அடுத்த மாதம் பாலா எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சூசையை எடுத்தான். "கவனமில்லாத ஆளை வள்ளத்தில ஏத்திறது ரிஸ்க் மச்சான். நாளைக்கு ஒண்டெண்டா இன்சூரன்ஸ் என்னட்டத்தான் வரும்" என்றான். நான் "ஓம், ஓம்" என்றேன்.

சூசை ஏன் என்று கேட்டு ஒரு மெசேஜ்கூடப் போடவில்லை.

"வேற ஆரும் இருக்கினமோ?"

பிறகு நாங்கள் மூன்று பேர் போனோம். மீன் விழும், கழற்ற ஆள் இல்லை. ரவி கையுறை போட்டுக்கொண்டும் மீனைத் தொடமாட்டான். நான் தொட்டால் மீன் தரையில் விழுந்து அடிபடும். திருப்பி விட வேண்டிய மீன்கள் வயிறு மேலே தெரிய மிதந்து போயின. வள்ளம் வெயிலில் நாறியது. பாலாவின் மனைவி அந்த மணத்தோடு வீட்டுக்குள் வர வேண்டாம் என்றாள்.

கோடை முடிந்து குளிர் தொடங்கிய ஒரு காலை, வள்ளத்தை ஏற்றும் இடத்தில் பாலா சொன்னான்: "மச்சான், உனக்கு மன்னார்ப் பக்கம் வேற ஆரும் தெரியுமே? மீன் கழற்றத் தெரிஞ்ச ஆள். ஒராள் இருந்தா எங்களுக்குச் சுகம்."

அவன் கேட்டது எனக்குப் புதிசில்லை. நான் நினைத்துக்கொண்டிருந்ததைத்தான் கேட்டான்.

"பாலா, அண்டைக்கு அந்தத் தூண்டில் நான் போட்டது. சூசை இல்லை."

பாலா கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை. "தெரியும்" என்றான்.

"என்னெண்டு?"

"அவன் போட்டிருந்தா முள்ளை நசுக்கியிருப்பான். டொக்டர் வெட்டியெல்லே எடுத்தவர்."

"ரவிக்கு?"

"அவனுக்கும் தெரியும். வளையத்தைக் குறட்டால விரிக்கேக்கயே கண்டவன். புதுத் தூண்டில், கடை எண்ணெய்கூடப் போகேல்லை."

"பிறகேன்டா சூசையை நிப்பாட்டினனீ?"

பாலா கயிற்றைத் தோளில் போட்டான். "உன்னோட சண்டை பிடிக்கிறதோ மச்சான்? நாப்பது வருசப் பழக்கம்" என்றான். பிறகு, "அவன் ஒண்டும் சொல்லேல்லைத்தானே" என்றான்.

நான் சொன்ன பொய்யை ஒருவரும் நம்பியிருக்கவில்லை. பழி விழுந்தது சூசை மேல் என்பதால், நம்ப வேண்டிய தேவையும் இல்லாமல் போயிருந்தது.

"சரி, வேணுமெண்டா வரச் சொல்லு" என்றான் பாலா, பெரிய மனது பண்ணி.

சூசை கேட்டது

வென்ட்வேர்த்வில்லில் அவருடைய யூனிட்டுக்குப் போனேன். நாங்கள் சிநேகிதர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்த காலம் முழுக்க நான் அங்கே போனதில்லை. திரேசா, அவருடைய மனைவி, கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். "வாங்கோ" என்பதற்குக் கொஞ்ச நேரம் எடுத்தாள்.

சூசை கதிரையைக் காட்டினார். வலது கைப் பெருவிரல் முழுசாக மடங்கவில்லை. கோப்பையை நாலு விரலால் பிடித்திருந்தார்.

நான் சொன்னேன். தூண்டில் மாற்றியதைச் சொன்னேன், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யைச் சொன்னேன். பாலாவுக்கும் ரவிக்கும் உண்மை தெரியும் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். வழியில் காருக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்திருந்தபடியால் தடங்கலில்லாமல் வந்தது. "சனிக்கிழமை வா சூசை. பாலா வரச் சொன்னவன்" என்று முடித்தேன்.

"நான் போட்ட தூண்டில் எது எண்டு எனக்குத் தெரியாதோ அண்ணை?" என்றார். "கைக்குள்ள போகேக்கயே தெரியும்."

"ஏன் சொல்லேல்லை?"

"ஆருக்கு? அவைக்கும் தெரியுமெண்டு நீங்களே சொல்லுறீங்கள்."

திரேசா தேத்தண்ணி வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

சூசை கோப்பையைக் கீழே வைத்தார். "கை பரவாயில்லை. பொய்யும் பரவாயில்லை, பயத்தில சொல்லியிருப்பீங்கள். அதுக்கு முதல் சனிக்கிழமை ஒண்டு சொன்னனீங்கள். பயத்தில சொன்னதில்லை அது."

வழி முழுக்க மனப்பாடம் செய்து வந்ததில் அது இருக்கவில்லை. மறந்துபோய் விடவில்லை. அதைத் தொடாமல் காரியத்தை முடித்துவிடலாம் என்றுதான் வந்திருந்தேன்.

"அது பிழை சூசை" என்றேன்.

"இங்க வேண்டாம் அண்ணை. இங்க இருக்கிறது நானும் திரேசாவும். எங்களுக்கு அது பிழையெண்டு தெரியும். அண்டைக்கு ரெண்டு பேர் சிரிச்சவை. அந்த வள்ளத்தில வைச்சு, அவை ரெண்டு பேருக்கும் சொல்லுங்கோ. அவை சிரிச்சதும் பிழையெண்டு சொல்லுங்கோ. பிறகு கூப்பிடுங்கோ, வாறன். தூண்டில் கழற்ற இல்லை, மீன் பிடிக்க."

"சொல்லுறன்" என்றேன்.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை வள்ளம் போயிருக்கிறது. மூன்று தரமும் நானும் போனேன். முதல் தரம், காற்று அடிக்கிறது, கேட்காது என்று விட்டேன். இரண்டாம் தரம் ரவிக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை, இப்போது வேண்டாம் என்று விட்டேன். மூன்றாம் தரம் ஒரு சாட்டும் இல்லை. வாயைத் திறந்தேன். பாலா "என்ன மச்சான்?" என்றான். "ஒண்டுமில்லை" என்றேன்.

பாலா இந்தப் பத்திரிகையை ஒழுங்காக வாசிக்கிறவன். ரவி வாசிப்பதில்லை, அவனுடைய மனைவி வாசித்துச் சொல்லுவாள். சூசை வாசிப்பதில்லை. ஆகவே இது அவரிடம் கேட்கும் மன்னிப்பு இல்லை. அவர் பத்திரிகையில் கேட்கவில்லை, வள்ளத்தில் கேட்டார். நேரே இரண்டு முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாதவன் எழுதியது இது. அப்படித்தான் இதை வாசிக்க வேண்டும்.

பத்திரிகை வியாழக்கிழமை வரும். சனிக்கிழமை காலை நான் வள்ளத்தில் ஏறும்போது அவர்கள் இரண்டு பேருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். "என்ன மச்சான்?" என்று பாலா கேட்டால், "ஒண்டுமில்லை" என்று என்னால் இனிச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் எழுதினேன்.